ஏலமலையில் ஜீப்புக்குப் பதில் எந்த வண்டி?

சின்னக்கானலிலும் சூரியநெல்லியிலும் வயதான ஜீப்பை விற்றுவிட்டுப் பெரிய பிக்கப் எடுக்கலாமா என்ற கேள்வி எழும்போது, பேச்சு மூன்று கணக்குகளைச் சுற்றியே நடக்கிறது. எத்தனை கிலோ ஏற்றலாம், லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்பனவே அவை. அந்த ஜீப்பில் இத்தனை ஆண்டுகளாக யார் உட்கார்ந்து வந்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வண்டியை மாற்றுவது உரிமையாளரின் சொந்த முடிவு என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஏலமலையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பாதி மட்டுமே சரி.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை 1947-இல் இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பழைய சிறிய ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர். அதற்குப் பின் நீளம் கூட்டிய ஜீப்புகள் வந்தன. நான்கு சக்கர இழுவையும் குறுகிய வளைவில் திரும்பும் திறனும் இவ்வண்டிகளை மலைக்கு உரியனவாக்கின. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆயினும் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். மாநில எல்லை ஒருபுறம், பாதை மறுபுறம் என்று அமைந்த இந்நிலத்தில் ஜீப் ஒரே நேரத்தில் ஆள் வண்டியாகவும் சரக்கு வண்டியாகவும் நோயாளியை இறக்கும் வண்டியாகவும் இருந்துவந்துள்ளது. விடியுமுன் போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்துச் செல்வதும் இந்த ஜீப்புகளே.

உரிமையாளரின் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒவ்வோராண்டும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். சொந்தப் பதிவில் உள்ள 15 ஆண்டு கடந்த நான்கு சக்கர வண்டிக்கு, 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5000 ரூபாய் ஆயிற்று. உதிரிபாகம் தேடி அலைவதும் பட்டறைச் செலவும் வேறு. மறுபுறம், சட்டம் சரக்கு வண்டிக்கு வழியை எளிதாக்கியிருக்கிறது. மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட் கேட்பதில்லை. 7500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. ஆகவே ஆள் வண்டியைக் கைவிட்டுச் சரக்கு வண்டிக்கு மாறுவது தனிமனிதரின் ஆசை மட்டுமன்று. விதிகளின் சரிவும் அத்திசையில்தான் இருக்கிறது.

ஆனால் ஏலத்தோட்டத்துக்கு இவ்வளவு சரக்குத் திறன் தேவைதானா? ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஏலக்காய் ஆகிறது. எடையில் சிறியதும் விலையில் பெரியதுமான விளைபொருள் அது. புத்தடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குப் போகும் மூட்டைகள் ஒரு ஜீப்பின் பின்புறத்திலேயே அடங்கிவிடும். உரமும் உலர்த்தும் ஸ்டோருக்கான விறகும் கனமானவைதாம். எனினும் அவை ஆண்டில் சில நாள்களின் வேலை. அந்த நாள்களுக்கு வாடகை லாரி போதும். முட்டைக்கோஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் வட்டவடையில் பெரிய வண்டி வாங்குவோரின் கணக்கு வேறு. அங்கே விளைச்சலே கனம். ஏலத்தோட்டத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் சுமை ஆள்தான். காய் எடுப்புக்கும் கவாத்துக்கும் களையெடுப்புக்கும் கைகள் வேண்டும். வண்டியை அளக்க வேண்டியது அன்றாடச் சுமையைக் கொண்டு; என்றோ ஒருநாள் வரும் பெருஞ்சுமையைக் கொண்டன்று. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்ட விலை, பின்னர் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. நல்ல விலையில் எடுத்த பெரிய வண்டியின் தவணை, கெட்ட விலையிலும் குறையாமல் வந்து நிற்கும்.

உண்மையான இடர் இனிமேல்தான் தொடங்குகிறது. ஜீப் போனபின்னும் ஆள்கள் தோட்டத்துக்கு வந்தாக வேண்டும். அப்போது அவர்கள் பிக்கப்பின் பின்தட்டில் ஏறுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு, சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் கட்டாயக் காப்பீட்டின் பாதுகாப்பை அளிக்கிறது. சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறிச் செல்லும் பிறரை வெளிப்படையாகவே விலக்குகிறது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பின் திசையும் இதுவே. வேலைக்கு அமர்த்தியவர் மீது இழப்பீடு கோரலாம் என்றால், அமர்த்தியவர் யார் என்பதற்குச் சான்று வேண்டும். ஆள் திரட்டுபவர் ஒருவர், தோட்டக்காரர் இன்னொருவர், வண்டி மூன்றாமவருடையது என்னும் நிலையில், ஏட்டில் பெயரில்லாத நாள்கூலிப் பெண்ணுக்கு அந்தச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? ஜீப்பின் இருக்கையிலிருந்து பிக்கப்பின் தட்டுக்கு மாறும்போது அவள் இழப்பது வசதியை மட்டுமன்று. சட்டம் அவளைப் பயணி என்று அழைக்கும் உரிமையையும்கூட.

இதனால் பழைய ஜீப்பே நல்லது என்று ஆகிவிடாது. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே தேயிலைத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்தனர். பதிவுச் சான்றில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஆள்களை அடைத்துச் செல்லும் வழக்கம் போடிமெட்டுச் சாலையிலும் உண்டு. பிடிபட்டால் அபராதம், சில நாள் சோதனை, பிறகு பழைய கதை. வண்டியே இல்லாமல் போனாலோ யானைத் தடங்களினூடே நடை. அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு வேறிடம் கொண்டுபோகப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பன்னியாறு தோட்டத்தில் வனக் காவலர் ஒருவரே யானை தாக்கி இறந்திருந்தார். பனி விலகாத காலையில் தோட்டப் பாதையில் நடப்பதை எளிய மாற்றாக யாரும் சொல்லிவிட முடியாது.

வண்டி பெரிதானால் அதற்கேற்ற பாதையும் கேட்கும் என்பது அடுத்த சிக்கல். அச்சுகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூடத் திரும்பும் வட்டமும் விரிகிறது. ஜீப் ஒரே வீச்சில் திரும்பும் வளைவில் நீண்ட பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி, சுமையில்லாதபோது ஈரமேட்டில் பிடிப்பை இழக்கும். உடனே பாதையை அகலப்படுத்து என்ற கோரிக்கை எழும். மூணாறு–போடிமெட்டுத் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கேப் ரோடு பகுதியில் 2019-இலும் 2020-இலும் மலை சரிந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். பொறியாளர்கள் மேற்பார்த்த நெடுஞ்சாலையிலேயே அந்நிலை என்றால், தோட்டப் பாதைகளை மண்வாரி இயந்திரம் கொண்டு அவரவர் வெட்டிக்கொள்வதன் விளைவை ஊகிக்கலாம்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சென்றது. அங்கே சரக்குத் தட்டு குறுகி, ஆள்கள் அமரும் அறை வளர்ந்து, பண்ணை வண்டி குடும்ப வண்டியாயிற்று. ஏலமலையில் ஆள் வண்டி சரக்கு வண்டியாகிக்கொண்டிருக்கிறது. இரண்டிடத்திலும் வாங்குபவரின் தேவை ஒன்று, வாங்கப்படும் வண்டி வேறொன்று.

செய்யக்கூடியவை உள்ளன. புதிய வண்டி தேவைப்படும் தோட்டக்காரர், இரண்டு வரிசை இருக்கையும் சிறு தட்டும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட வண்டியைத் தேர்ந்தால், சில ஆள்களையேனும் இருக்கையில் ஏற்றிவரலாம். பெருந்திரளுக்கு அது போதாது. அதற்கு அரசுகள் வேண்டும். மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து பெர்மிட்டுகளை ஏற்க அச்சட்டத்தின் 88-ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழகமும் கேரளமும் தொழிலாளர் போக்குவரத்துக்கென்றே சிறு பயணி வண்டிகளுக்கு எல்லை கடக்கும் பெர்மிட்டை இப்பிரிவின்படி வகுக்கலாம். கட்டணத்தில் ஒரு பங்கைத் தோட்டக்காரர் ஏற்பதும், ஏறும் ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் இருப்பதும் அதன் நிபந்தனைகளாகலாம். அந்த ஏடு, நாளை இழப்பீடு கேட்க நேர்ந்தால் சான்றாகவும் நிற்கும்.

தோட்டத் தொழிலாளரின் கூலி குறித்தும் குடியிருப்பு குறித்தும் ஆய்வுகள் எழுதப்பட்டுள்ளன. விடியற்காலையில் அவர்கள் எந்த வண்டியில், எந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் மலையேறுகிறார்கள் என்பதும் அதே அளவு ஆய்வுக்குரியது. ஜீப்புகள் ஒவ்வொன்றாக விலைபோகும் இக்காலமே அதைக் கேட்பதற்கு ஏற்ற காலம்.