கையொப்பத்துக்கு ஒரு விலை

ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. 1964 ஏப்ரல் 14 அன்று கார்சன் மறைந்தார். இடைப்பட்டவை பத்தொன்பது மாதங்கள்கூட இல்லை. அவையும் புற்றுநோயோடும் ரசாயன நிறுவனங்களின் வசையோடும் கழிந்தவை. ஆகவே அவர் கையொப்பமிட்ட முதற்பதிப்புகள் அரியன. அரியன என்பதால் விலை மிகுந்தவை. இதுவரை நமக்கு மறுப்பில்லை.

ஆனால் அப்பிரதிகளுக்குச் சந்தை வகுத்துள்ள இலக்கணத்தைப் பாருங்கள். மேலுறை கிழிந்திருக்கலாகாது, முதுகு வெளுத்திருக்கலாகாது, முன்பு வைத்திருந்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் மதிப்புக் குறையும். அதாவது, படிக்கப்பட்ட தடயமே இல்லாத நூல்தான் உயர்ந்த நூல். தம் ஊரில் டிடிடி தெளித்தபின் பறவைகள் மடிவதைக் கண்டு கலங்கி ஒருவர் அடிக்கோடிட்ட பிரதி, குறையுள்ள பிரதியாம்! (காப்புக்காகப் போடுவதோ பிளாஸ்டிக் உறை. அந்த முரணை நாம் விளக்கவேண்டியதில்லை.)

1962 அக்டோபரில் அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்றின் தேர்வாக இந்நூல் பல்லாயிரம் வீடுகளை அடைந்தது. அந்த மன்றப் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்யும் அளவுக்குப் பொதுக்கருத்தை வளர்த்தவை கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பிரதிகளா, இவையா?

ஆல்டோ லியோபோல்டின் கதை இன்னும் கூர்மையானது. அவருடைய 'சாண்ட் கவுண்டி அல்மனாக்' நூலை வெளியிட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் இசைந்தது 1948 ஏப்ரலில். ஒரு வாரத்துக்குள், விஸ்கான்சினில் அண்டை நிலத்துப் புல்வெளித் தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் இறந்தார். நூல் வந்தது 1949இல். எனவே அவர் கையொப்பமிட்ட ஒரு பிரதிகூட உலகில் இருக்கமுடியாது. சந்தை அதற்கும் வழி வைத்திருக்கிறது: பழைய கடிதத்திலிருந்து கையொப்பத்தை வெட்டி நூலில் ஒட்டுவது இத்துறையில் அறியாத வழக்கமன்று. நிலத்தை உடைமையாகக் கருதும் மனநிலையை எதிர்த்து எழுதியவரின் பெயரை, வெட்டி எடுத்து உடைமையாக்குவது!

சேகரிப்பாளர் இல்லையேல் முதற்பதிப்புகளே மிஞ்சியிரா என்பர். பாதி உண்மை. கார்சனின் கையெழுத்துப்படிகளும் கடிதங்களும் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் உள்ளன. ஆய்வாளர்கள் கேட்டுவாங்கிப் படிக்கலாம். அது காப்பு. தனியார் பெட்டகத்தில் விலையேற்றத்துக்குக் காத்துக் கிடப்பதை அப்பெயரால் அழைக்க நாம் ஒப்பமாட்டோம்.

வாங்க வசதியுள்ள நண்பர்கள் வாங்கட்டும். வாங்கியபின் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் பென்சிலோடு முதற்பக்கத்திலிருந்து ஒருமுறை படிக்கட்டும். விலை குறையும்தான்.