காட்டு வழிக்குத் துவக்கு எதுக்கு?

“காட்டுக்குள்ளால போறதெண்டா கையில ஒரு துவக்கு வேணும்.” மன்னாரில் பழைய ஆட்கள் இப்படிச் சொல்வார்கள். மாட்டுவண்டி கட்டி மடுவுக்குப் போன காலத்தில் அது நியாயமான பேச்சு. இப்ப எங்கட வயசுப் பொடியளும் அதையே சொல்லுறாங்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர் பனிக்கரடியை விரட்ட ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அங்கே காடே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெளிதான். எங்கட காடு அப்படியா? யூலை மாத மடுத் திருவிழா நேரம் பாலைப்பழத்துக்கு வருகிற கரடி பற்றைக்குள் இருந்து திடீரென்றுதான் எழும்பும். துவக்கைத் தோளால் இறக்க முன்னமே எல்லாம் முடிஞ்சிடும். சன்னம் பட்ட யானையோ உடனே சாகாது, புண்ணோடு அலையும். நீங்கள் சுட்டதுக்கு, அடுத்த நாள் விறகுக்குப் போற அம்மா பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டமும் இருக்கு. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. ஆனாலும் காட்டோரங்களில் இடியனும் கட்டுத்துவக்கும் இருக்கத்தான் செய்கின்றன. பன்றிக்குக் கட்டின கம்பியில் மனுசன்ர கால் பட்டாலும் அது வெடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. முப்பது வருஷம் துவக்குகளுக்கு நடுவில் வாழ்ந்த சனம் நாங்கள். காட்டுப் பாதையில் ஆயுதத்தோடு ஒரு உருவம் தெரிந்தால் ‘ஆர் ஆக்கள்?’ என்ற பயத்தில் நெஞ்சு அடைத்த காலம் அது. எதிரே வருகிறவர் கையில் துவக்கு இல்லை என்ற நம்பிக்கையில்தான் இண்டைக்கு அந்த வழிகளால நடக்கிறம். அந்த நம்பிக்கையைக் கரடிக்காக விற்கலாமா?

ஆபத்து பொய்யில்லை. 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். அதுக்கு மருந்து வேற: கூட்டமாகப் போங்கோ, சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டு போங்கோ, பொழுதுபட முன்னம் வீடு திரும்புங்கோ. யானை வேலி அறுந்தால் கட்ட ஆள் வேணும். கூப்பிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தார் யானை வெடியோடு வரவேணும். தனியார் வகுப்பு முடிஞ்சு வாற பிள்ளை இருட்டில் நடக்காமல் இருக்க ஒரு பஸ் வேணும்.

துவக்குக்கு அனுமதி கேட்கிற வாயால முதல்ல அந்தப் பின்னேர பஸ்ஸைக் கேட்பம்.