விரல் ஓடுகிறது, விளங்கியதா?

2020-இல் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடக்கூடாதே என்று கடன்பட்டுக் கைபேசி வாங்கிய பஞ்சாலைத் தோழர்கள் எத்தனை பேர்! பள்ளி திறந்தது. கைபேசியோ பாடப்புத்தகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கடன் தீர்ந்ததோ இல்லையோ, கேள்வி தீரவில்லை: திரையில் படிப்பது பிள்ளையின் தலையில் ஏறுகிறதா?

ஏறுவது குறைவு என்கிறது ஆராய்ச்சி. பழமைவாதியின் புலம்பல் அல்ல தோழர்களே, கணக்கு! 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் திரட்டி, ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் 2018-இல் எடைபோட்டனர். ஆய்வுக்கு உட்பட்டோர் 1,70,000-க்கும் மேல். தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டனர். கதையானால் வேறுபாடு தெரியவில்லை. செய்தியும் விளக்கமும் நிறைந்த பாடத்தில் திரை தோற்றது. நேரக்கெடு வைத்தபோது இன்னும் தோற்றது. "திரையோடு பிறந்த தலைமுறை, பழகினால் சரியாகும்" என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. ஆண்டு செல்லச் செல்ல இடைவெளி வளர்ந்ததே தவிரக் குறையவில்லையே!

ஏன்? திரையைக் கண்டால் விரல் முந்துகிறது. கண் பின்னால் ஓடுகிறது. கருத்து நொண்டிக்கொண்டு வருகிறது. விரைந்து படித்தவன், விளங்கிவிட்டதென்று வேறு நம்பிவிடுகிறான். அங்கேதான் ஆபத்து!

அதற்காகக் கைபேசியைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை நாம். சுவீடன் 2023-இல் அச்சுப் பாடநூலுக்கென்றே பெரும்பணம் ஒதுக்கியது. இங்கே அரசுப் பள்ளியில் பாடநூல் விலையில்லாமலே வருகிறது. அதற்கு அப்பால் உள்ள அறிவு, தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளைக்குத் திரையில்தான் கிடைக்கிறது என்றால், அந்த வாயிலை அடைக்க நாம் யார்?

வழி இருக்கிறது. 2014-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வொன்றில், படித்த பாடத்தின் முக்கியச் சொற்களை மாணவர்களையே எழுதச் செய்தனர். திரையின் குறை மறைந்தது! செலவென்ன? ஒரு துண்டுத்தாள், ஒரு பென்சில். கைபேசியில் பாடத்தை அனுப்பிவிட்டுப் "பார்த்தாயா?" என்று கேட்கும் ஆசிரியர், "பார்த்ததைச் சொல்" என்று கேட்கட்டும். எழுத்தறியாத தந்தையானால்தான் என்ன? கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குப் புரியும்படி சொல்லம்மா" என்று மகளைக் கேட்கத் தெரியாதா அவருக்கு? தடுமாறினால் திட்ட வேண்டாம்; தடுமாறிய இடத்திலிருந்து மறுபடி, மெதுவாகப் படிக்கச் சொன்னால் போதும்.