அப்பாவின் அம்பு

போன செவ்வாய்க்கிழமை காலை. அப்பா மூக்குக் கண்ணாடியை நாலாவது தடவையாக வேட்டி நுனியில் துடைத்தபடி, "டாக்டர்கிட்ட ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குடா. வலது கண்ணு போயிடுச்சு போலிருக்கு" என்றார்.

எனக்குப் பகீரென்றது. 74 வயது. புரை ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்கூட முடியவில்லை. உடனே போன் போட்டு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டுத்தான் கேட்டேன்.

"என்னப்பா தெரியலை?"

"அம்புக்குறி."

சங்கதி இதுதான். ஞாயிறு ராத்திரி அவர் கம்ப்யூட்டர், 'அணைக்காதீர்கள், அப்டேட் நடக்கிறது' என்று சக்கரம் சுற்றியிருக்கிறது. விடிந்ததும் புது மாப்பிள்ளையாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் வைத்துக்கொடுத்த அம்பு கட்டைவிரல் தண்டி, கன்னங்கரேல். அது போய், எறும்பு சைஸில் ஒரு வெள்ளை அம்பு! ஓரத்தில் பேருக்கு மயிரிழைக் கறுப்பு. அப்பா திறந்து வைத்திருந்ததோ வெள்ளைவெளேரென்ற கணக்குத் தாள். பாலில் விழுந்த பச்சரிசியை யார் சார் கண்டுபிடிப்பது?

நான் பி.காம். 'உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை' என்று உருப்போட்டவன். உள்ளே அப்டேட் வந்தது, வெளியே அப்பாவின் அம்பு போனது. எந்தப் பேரேட்டில் எழுத?

இத்தனைக்கும் இந்த அம்பு சாய்ந்து நிற்பதே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் காலத்தில் அது நேராக மேலே பார்த்தது. 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில்தான் சாய்த்தார்கள். அந்தக்காலத் திரையில் புள்ளிகள் மொத்தம். செங்குத்தாக நின்றால் வடிவம் பிடிபடாது.

செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, அதற்குள் மவுஸ் பாயின்ட்டர். அளவை வலதுபக்கம் தள்ளி, கறுப்பைத் தொட்டேன். இரண்டே நிமிஷம்.

"அட, வந்துடுச்சே! இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு."

அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நேத்து மத்தியானம் பீரோவைத் திறந்து, பாஸ்புக் எங்கே, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கேன்னு ஒவ்வொண்ணா எனக்குக் காட்டிக்கிட்டிருந்தார்டா. ஏன்னு கேட்டா, சும்மாதான்னுட்டார்."

ஹாலிலிருந்து, "டேய், அந்த டாக்டர் செலவு தண்டம், வேணாம்னு சொல்லிடு!" என்று அப்பாவின் பழைய குரல் கேட்டது.

சரிப்பா என்றேன். ஆனால், கேன்சல் செய்யவில்லை.