வீட்டுத்தோட்டம்: விதைக்கு ஐந்து செடி விடுங்கள்



2010 இல் நானும் மகளும் கிளிநொச்சியில் உள்ள எங்கள் வளவுக்குத் திரும்பினோம். வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து வளவு அக்கா ஒரு பிடி சிவப்புக் கீரை விதை தந்தார்.

அந்த முறை நான் ஒரு பிழை விட்டேன். கையில் காசு இல்லாதபடியால் கீரை முழுவதையும் பிடுங்கி விற்றுவிட்டேன். அடுத்த விதைப்புக்கு ஒன்றும் இல்லை. மீண்டும் அக்காவிடம் கை நீட்ட வெட்கமாக இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் தந்தார். "இந்த முறை ஐஞ்சு கண்டை விதைக்கு விடு, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

கீரை போடுவது கடினமல்ல. மூன்றடி அகலத்தில் பாத்தி கட்டி, உக்கிய மாட்டெருவைக் கலந்துவிடுங்கள். விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லியதாக மண் தூவுங்கள். எறும்பு விதையை இழுத்துச் செல்லும். ஆகவே பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். நான்கைந்து நாளில் முளைக்கும்.

மூன்று, நான்கு கிழமையில் நெருக்கமாக உள்ளவற்றை வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். கறியை அடுப்பால் இறக்கியபின் தேசிப்புளி விடுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்துச் சேர்வது குறையும்.

பிடுங்கும்போது நல்ல திடமான ஐந்து செடிகளைத் தொடாமல் விடுங்கள். பூத்து, கதிர் காய்ந்து, கையால் கசக்கும்போது கறுத்த மினுங்கும் விதை உதிர்ந்தால் முற்றிவிட்டது. கதிரை வெட்டிச் சாக்கில் பரப்பிக் காயவிடுங்கள். பிறகு கசக்கி, சுளகில் புடைத்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடிவையுங்கள். போத்தலில் திகதியையும் எழுதுங்கள்.

ஒரு மாரியில் அக்காவின் விதை முழுவதும் நனைந்து பழுதாகிவிட்டது. என் போத்தலில் இருந்து ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கப் போன படலையால் கொடுக்கப் போன அந்த நாளை நான் மறக்கவில்லை.

இந்த முறை உங்கள் பாத்தியிலும் ஐந்து செடியை விட்டுவையுங்கள்.