உழைச்செல்வாராகிய பெற்றோர்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான் என்னும் நான்கினையும் ஒருசேர வைத்தே மருத்துவம் என்கின்றார். வகுப்பறைகளில் நான்காவது கூறு பெரும்பாலும் ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. பரிமேலழகரோ அங்கு நின்று, நோயாளிபால் அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கு பண்புகளை உழைச்செல்வானுக்கு வகுக்கின்றார். சொன்னதைச் செய்தலோடு அவர் நிறைவடையவில்லை. அறிவும் வேண்டும் என்கின்றார். மனநோய்க்கு மருந்துண்ணும் சிறுவர் சிறுமியரின் பெற்றோரை எண்ணும்போதெல்லாம் அந்த நான்காவது பண்பே நம் நினைவில் எழுகின்றது.

நம்மிடையே பெற்றோர் இருவகையாக நடந்துகொள்வதைக் காண்கின்றோம். மருத்துவர் எழுதித் தந்த சீட்டை வாங்கிக்கொண்டு, மருந்தின் பெயரையேனும் கேளாமல் வீடு திரும்புவோர் ஒருவகையினர். மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் எண்ணம். மற்றொரு வகையினர் ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளை தூங்கி வழிவதைக் கண்டோ, உறவினர் சொல் கேட்டோ, மருத்துவரிடம் கூறாமலே நிறுத்திவிடுவோர். மகளுக்கு நாளை வரன் அமைய வேண்டுமே என்னும் அச்சத்தால் மாத்திரை அட்டையை மறைப்பதும், பின்னர் மருந்தையே மறப்பதும் நம் வீடுகளில் நிகழாதன அல்ல. இவ்விரண்டனுள் பின்னதே கொடிது என்பது நம் கருத்து. இத்தகைய மருந்துகள் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். சிலவற்றை நிறுத்துவதாலேயே புதிய துன்பங்கள் தோன்றும். படிப்படியாகக் குறைப்பதும் மருத்துவரின் பணியே.

எனினும் கேள்வி கேட்கும் பெற்றோரைத் தொல்லை தருவோர் எனத் தள்ளுவதும் முறையன்று. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்கு நினைக்கலாம். மனச்சோர்வு மருந்துகள் குறித்து அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நடத்திய பொது விசாரணைகளில், பிள்ளைகளை இழந்த பெற்றோர் எழுந்து சான்று கூறினர். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்துண்ட சிறாருள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடமும், வெற்று மாத்திரை உண்டோருள் 2 விழுக்காட்டினரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தோன்றியமை தெரிந்தது. அவ்வாய்வுகளில் ஒருவரும் தற்கொலையால் இறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவ்வாண்டே அம்மருந்துகளின் மீது கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற்றது. 2007இல் அது 24 வயது வரையிலான இளைஞர்க்கும் நீட்டிக்கப்பட்டது. எச்சரிக்கைக்குப் பின் மருந்து தேவைப்பட்ட சிறார்க்கும் அது கிடைக்காமற் போயிற்றோ என்னும் வாதம் அங்கு எழுந்தது. கேள்வி கேட்பதன் பயனும் அதன் அபாயமும் ஒரே நிகழ்ச்சியில் அமைந்துள்ளன. மருந்தைத் தொடங்கிய முதற் சில வாரங்களில் பிள்ளையின் உறக்கம், எரிச்சல், பேச்சு ஆகியவற்றை அணுக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். கவனிக்க வல்லார் வீட்டிலுள்ளோரேயன்றி வேறு யார்?

நம் நாட்டிலும் சட்டம் பெற்றோர் பக்கமே நிற்கின்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயின் தன்மை, தரவிருக்கும் சிகிச்சை, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையை வழங்குகின்றது. சிறாரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அவர்களைப் பெரியவர்களோடு வைத்தலாகாது. பேணுபவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். ஆகவே, "ஐயா, இம்மருந்து எதற்கு? பயன் தெரிய எத்தனை வாரமாகும்? உடல் பருக்குமா? இரத்தப் பரிசோதனை தேவையா?" எனத் தமிழில் கேட்பது துடுக்காகாது. நோன்பு மாதத்தில் மருந்து நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதையும் ரமலானுக்கு முன்பே கேட்டுவிடுதல் நன்று. லித்தியம் உண்பவர்க்கு நீர் குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறித் தீங்கு விளையும் என்பதைப் பலர் அறியார். 'நிய்யத் வைத்துவிட்டான், பார்த்துக்கொள்ளலாம்' என விட்டுவிடத்தக்க செய்தியன்று அது.

தர்காவுக்கு அழைத்துச் செல்வதைக் குறித்தும் ஒரு சொல். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், தனியார் காப்பகத் தீயில், சங்கிலியிடப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டதை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் அதே தர்காவில் 'தவா-துஆ' என்னும் பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் இணைத்து அரசே திட்டம் நடத்தியது. துஆ ஓதும் தாய் மாத்திரையையும் நேரம் தவறாமல் தரலாம், இரண்டிற்கும் பகையில்லை.

பெற்றோர் பிள்ளைக்காகப் பேசும் ஆர்வத்தில் பிள்ளையைப் பேசவிடாமல் செய்வதும் உண்டு. தன் நோய்நிலையை உணர்த்தும் வன்மையை நோயுற்றவனுக்குரிய பண்பாகவே உரையாசிரியர் வைத்துள்ளார். பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் மருத்துவர் வினவ, தந்தையே எல்லாவற்றிற்கும் விடை கூறின், அவள் நா வறள்வதும் கை நடுங்குவதும் எவர்க்கும் தெரியாமற் போகும். அவள் மருத்துவரோடு தனியே பேசச் சிறிது நேரம் வெளியே அமர்ந்திருப்பதும் உழைச்செல்வாரின் பணியே.

பதினெட்டு வயது நிறையும் நாளில் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை பிள்ளையின் கைக்கு மாறுகின்றது. அது பெரும்பாலும் கல்லூரி விடுதியில் சேரும் காலமாக அமைகின்றது. பெட்டியில் மாத்திரை இருக்கும். அதன் பெயரோ, எதற்கென்பதோ மாணவனுக்குத் தெரியாது. அம்மா கொடுத்தாள், உண்டான், அவ்வளவே. சேர்க்கைக்கு வருமுன், மருந்தின் பெயர், அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அவனது பணப்பையில் வைத்து அனுப்புமாறு பெற்றோரை வேண்டுகின்றோம்.