கடிதப் பையும் கணினி நிரலும்

1931ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தின் இருப்புப்பாதை சாக்கையிலிருந்து தம்பானூர் வரை நீட்டப்பட்டது. அதன் பின் அந்நிலையத்தின் வழியே பல்லாண்டுகள் அஞ்சல் பைகள் வெளியூர்களுக்குச் சென்றன. கடிதங்களைப் பிரித்தடுக்கும் ஊழியர் உறையின் மேலுள்ள விலாசத்தை மட்டுமே நோக்குவார். உறை எந்தக் கடையில் வாங்கப்பட்டது என்பது அவருக்கு வேண்டுவதில்லை. எல்லா ஊர்களிலும் ஒரே விதி நிலவியதாலேயே கடிதம் உரியவரை அடைந்தது.

மின்னஞ்சலும் இத்தகையதே. அஞ்சலை அனுப்புவதற்குரிய எஸ்.எம்.டி.பி. என்னும் நெறி 1982இல் வகுக்கப்பட்டது. சர்வரிலுள்ள அஞ்சலைப் படிப்பதற்குரிய ஐமேப் நெறியை 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். பிறமொழி எழுத்தையும் படத்தையும் கடிதத்தில் அடக்கும் மைம் என்னும் முறை 1992இல் வெளிவந்தது. இவை எந்த நிறுவனத்தின் தனியுடைமையும் அல்ல.

இவ்வாறிருந்தும், நிரல் எழுதுவோர் பலர் ஏதேனும் ஒரு மென்பொருளின் இடைமுகத்தையே பற்றிக்கொள்கின்றனர். வெளிநிலையங்கள் அனுப்பும் மழையளவு அறிக்கைகளை அட்டவணையில் சேர்க்கும் நிரல் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மேசைக் கணினியில் அவுட்லுக் நிறுவப்பட்டிருந்தால்தான் அது இயங்குமெனில், அம்மென்பொருள் மாறும் நாளில் அறிக்கையும் நின்றுவிடும். நாட்காட்டி முதலிய வசதிகளைத் தனி இடைமுகம் எளிதில் தருகிறது என்பது மெய்யே. ஆயினும் அஞ்சலைப் பெறுதல், அனுப்புதல் ஆகிய அடிப்படைப் பணிகளைப் பொது நெறியிலேயே அமைப்பது நலம்.

சர்வர் மாறுவது அரிய நிகழ்ச்சியன்று. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2025இல் வெளியாயிற்று. பொது நெறியைத் தழுவிய நிரலுக்கு இத்தகைய மாற்றத்தில் சர்வரின் பெயரும் நுழைவு முறையும் திருத்தப்பட்டால் பெரும்பாலும் போதும்.

எனினும் நெறி ஒன்றே காப்பாகாது. 2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில், வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு ஐமேப் வழியே நுழையும் முறையை நிறுத்தத் தொடங்கியது. ஐமேப் மாறவில்லை; அதன் வாயிற்பூட்டு மாறியது. ஆதலால் நுழைவுக்குரிய பகுதியையும் அஞ்சலைப் படிக்கும் பகுதியையும் நிரலில் வேறுவேறாக எழுதுதல் அவசியமாகும்.

இதற்குப் பொருட்செலவு இல்லை. பைத்தான் மொழியுடன் எஸ்.எம்.டி.பி., ஐமேப் ஆகியவற்றுக்குரிய தொகுதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியர்கள் மாணவருக்கு மென்பொருளின் பொத்தான்களைக் காட்டுவதோடு நில்லாது, அஞ்சல் செல்லும் விதியையும் கற்பித்தல் வேண்டும். விதியை அறிந்தவனுக்கு எந்தப் பெட்டியும் புதிதன்று.